பழுப்பேறிய தாளும் பழைய தாளும்

விண்டேஜ் பாணிக் காகிதக் கைவினையை வேலையற்ற வேலை என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அட்டையின் மேல் பழைய புத்தகத் தாள், அதன் மேல் கசக்கி விரித்த டிஷ்யூ காகிதம், ஸ்டென்சில் வைத்து இழுத்த வெள்ளைப் பசை, ஒரு லேஸ் துண்டு, துருவேறிய சாவி, காய்ந்த இலை, டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய ஓரம் என்று அடுக்கடுக்காக ஏற்றி, நேற்றுச் செய்த ஒன்றைத் தாத்தா காலத்துப் பொருளாக நிற்க வைப்பது எளிதான காரியமில்லை. வாழ்த்து அட்டை, கல்யாண ஆல்பம், நாட்குறிப்பு, சுவரில் மாட்டும் சட்டம், ஜங்க் ஜர்னல் எனப்படும் கதம்பக் குறிப்பேடு என்று இந்தக் கலை பல உருவங்களில் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. குமரி மாவட்டத்திலும் கல்லூரி மாணவிகளும் வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்யும் பெண்களும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். கை படிந்த வேலை என்பதால்தான் இதைத் தீர எடைபோட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் இதன் நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே எல்லாமே வரிசையில் இருக்கிறது. அடியில் கனமான அட்டை. அதன்மேல் தாளை ஒட்டுமுன் கத்தரியை ஒதுக்கிவிட்டுக் கையால் கிழிக்கிறார்கள். கிழித்த ஓரத்தில் தாளின் உள்நார் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக் கோடுதான் ஒரு அடுக்கையும் அடுத்த அடுக்கையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுகிறது. பிறகு ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு. ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் அதைத் தொட்டு மேடுகளின்மேல் மட்டும் இழுத்தால், ஐந்தாறு வேறு வேறு பொருட்கள் ஒரே மூடுபனிக்குள் வந்துவிட்டதுபோல் இணைகின்றன. சில துண்டுகளுக்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குப் பஞ்சட்டை வைத்துத் தூக்கி ஒட்டுகிறார்கள். அந்தச் சிறு உயரம் ஒரு நிழலைப் போடுகிறது. தட்டையான தாளுக்கு ஆழம் வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரத்தாள் சுருண்டு மொத்த வேலையும் கெட்டுவிடும். பார்க்கவும் பொறுக்கவும் ஒரே சமயத்தில் பழக்குகிற கைவேலைகள் அதிகமில்லை. அதற்காகவே இதைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இது மேல்நாட்டு மோகம் என்ற குற்றச்சாட்டிலும் பாதிதான் உண்மை. மேல்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் மேரி டெலானி தன் 72-ஆம் வயதில், 1772-இல், வண்ணத்தாள்களை நுணுக்கமாக நறுக்கி அடுக்கிப் பூச்செடிகளைப் படைக்கத் தொடங்கினார். அவற்றில் 985 இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் சுவர்த்தாளையும் செய்தித்தாளையும் ஓவியத்துக்குள் ஒட்டினார்கள். ஆனால் ஒட்டி, அடுக்கி, மேடேற்றும் கலை நமக்கு அந்நியமே இல்லை. தஞ்சாவூர் ஓவியம் வேறென்ன? பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த பூச்சு பூசி, அதையே கெட்டியாகக் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுகிறார்கள். கலவை ஊடகம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலை இங்கே நடந்துகொண்டிருந்தது.

அதைவிட நெருங்கிய முன்னோடி ஒன்று பழைய திருவிதாங்கூரிலிருந்தே கிளம்பியது. கிளிமானூர் ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சு வண்ணப் படங்களாக வீடுதோறும் கொண்டுசேர்த்தார். அந்தப் படங்களை வாங்கியவர்கள் அப்படியே மாட்டிவிடவில்லை. தெய்வத்தின் புடவைமேல் நிஜத்துணியை வெட்டி ஒட்டினார்கள், ஜரிகை தைத்தார்கள், சமிக்கியும் மணியும் பதித்தார்கள். அச்சில் ஒரேமாதிரி வந்த ஆயிரம் படங்களில் தன் வீட்டுப் படம் மட்டும் தனியாக நிற்க வேண்டும் என்ற ஆசை அது. அப்படி உடுத்திய ரவிவர்மா படங்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். இன்று அச்சடித்த ரோஜாப்பூவின்மேல் லேஸ் ஒட்டுகிற பெண்ணின் கை அதே ஆசையைத்தான் தொடர்கிறது.

குமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. அது கிறிஸ்துமஸ் குடில். டிசம்பர் பிறந்தால் ஆலய வளாகங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மலையும் குகையும் எழும்புகின்றன. சிமெண்ட் சாக்கின் காக்கித்தாளைக் கசக்கி, பசையில் தோய்த்து, குச்சிச் சட்டத்தின்மேல் போர்த்திப் பாறையாக்குகிறார்கள். கருப்பை அடியில் பூசி, சாம்பலையும் வெள்ளையையும் முகடுகளில் மட்டும் தடவினால் தாள் கல்லாகிவிடும். வைக்கோல், ஆற்றுமணல், பாசி, முன்கூட்டியே விதைத்து முளைக்கவைத்த புல் எல்லாம் அதில் சேரும். மேலே ஈர்க்குச்சியிலோ மூங்கில் சிம்பிலோ வர்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம். ஜெஸ்ஸோவை உலர்தூரிகையில் இழுக்கும் அதே பாடத்தை எந்தப் பயிற்சிக் கட்டணமும் இல்லாமல் இங்குள்ள பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் நட்சத்திரமும் கடையில் வாங்கும் ரெடிமேட் குடிலும் வந்தபிறகு அந்தக் கல்வி மெலிந்துவருவதைக் காண வருத்தமாக இருக்கிறது. குடில் கட்டிப் பழகிய கை அட்டையில் அடுக்கு வேலைக்கு வரும்போது அதன் தேர்ச்சி தனியாகத் தெரியும். இந்தக் கைவினையைக் கற்பிக்கிறவர்கள் யூடியூபிலிருந்து தொடங்காமல் டிசம்பர் மாதத்திலிருந்து தொடங்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவு இருந்தும் இன்று நம் ஊரில் செய்யப்படும் வேலைகளைப் பார்த்தால் மனம் ஒப்பாத முதல் விஷயம், அதில் இருக்கும் பழமை யாருடையது என்பது. ஈபிள் கோபுரம், பிரெஞ்சுக் கையெழுத்து ஓடும் அஞ்சலட்டை, விக்டோரியா காலத்துச் சீமாட்டி, லண்டன் கடை விளம்பரம், ரோமன் எண் போட்ட கடிகாரம். கடையில் கிடைக்கும் ஸ்க்ராப்புக் தாள்களில் அச்சாகி வருவது அதுதான். அதனால் ஒட்டப்படுவதும் அதுதான். பாரிஸைப் பார்த்திராத ஒருவர் பாரிஸுக்காக ஏங்குவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் விண்டேஜ் என்ற சொல்லை நம்பி நினைவுப் பொருள் கேட்டு வருகிற வாடிக்கையாளருக்கு, அவர் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நினைவைக் கொடுப்பது கைவினையின் நோக்கத்தையே தோற்கடிக்கிறது. பிக்காசோ தன் படத்தில் ஒட்டியது அவர் அன்று காலையில் பாரிஸில் வாங்கக்கூடிய செய்தித்தாளை. பிராக் ஒட்டியது அவிஞ்ஞோன் நகரத்துக் கடையில் கண்ட மரவரித் தாளை. தங்கள் தெருவில் கிடைத்ததை அவர்கள் எடுத்தார்கள். அந்த முறையைப் பின்பற்றாமல் அவர்கள் தெருவில் கிடைத்ததை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, பழசாகும் விதத்தைப் பார்க்காமலே பழசாக்குவது. தாளின் நான்கு ஓரத்தையும் மெழுகுவர்த்தியில் காட்டிக் கருக்குவது, முழுத்தாளையும் காப்பியில் முக்கி எடுப்பது, எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழுப்பு மையைத் தேய்ப்பது என்று ஒரு சூத்திரம் உருவாகிவிட்டது. திரைப்படங்களில் வரும் புதையல் வரைபடம் அப்படித்தான் இருக்கும். டிரங்குப் பெட்டியில் 80 ஆண்டு கிடந்த பத்திரம் அப்படி இருப்பதில்லை. அதை நீளவாக்கில் மடித்து வைத்திருப்பார்கள். ஆகவே அது மடிப்பு வழியேதான் இற்றுப்போகும். காற்றுப்பட்ட வெளிமடிப்பு கருத்திருக்கும். உள்மடிப்பு வெளிறிய மஞ்சளாகவே இருக்கும். கட்டிய நூலின் தடம் ஒரு கோடாக விழுந்திருக்கும். பூச்சி அரித்த துளை எல்லா மடிப்புகளிலும் ஊடுருவிப் போனதால், விரித்துப் பார்த்தால் ஒரே வடிவத் துளை வரிசையாக வரும். இரும்புச்சத்து மை கருப்பிலிருந்து தவிட்டு நிறத்துக்கு மாறி, அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே தின்றிருக்கும். எண்ணெய்க்கை பட்ட மூலை மட்டும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். காலம் எல்லா இடத்தையும் சமமாகத் தொடுவதில்லை. தொட்ட இடமும் தொடாத இடமும் சேர்ந்துதான் ஒரு பொருளைப் பழையதாக்குகின்றன. இதைக் கவனித்துச் செய்கிற கலைஞரின் வேலை ஒரு பார்வையிலேயே தனித்து நிற்கும். பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பழுப்பு நிறம் ஒன்றையே நம்பிய வேலைகள் பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாத நிலை அதனால்தான் வருகிறது.

மூன்றாவது, உழைப்பு எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி. குடிலுக்கு இந்தக் கேள்வி கிடையாது. ஜனவரி முதல் வாரம் முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவார்கள். நினைவுப் புத்தகம் என்று சொல்லி விற்கிற பொருளுக்கு உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. போதாததற்குக் கடற்காற்று. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் தாளில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஆவணப் பாதுகாப்பில் அடிப்படைப் பாடம். அந்த அளவை நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி தாண்டித்தான் இருக்கிறது.

இதோடு வேதியியலும் சேர்கிறது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் மிகுதி. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகிறது. படிகாரம் சேர்த்துப் பதப்படுத்திய தாளில் அமிலம் இருக்கிறது. ஈரம் கிடைத்தால் அது தாளின் நாரை மெல்ல மெல்ல அறுக்கிறது. டீயும் காப்பியும் அமிலத்தன்மை கொண்டவை. ஆக, பழசு போல் தோன்றுவதற்காகச் செய்யும் காரியமே தாள் உண்மையில் பழசாகி நொறுங்கும் வேகத்தைக் கூட்டுகிறது. 1912-இல் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் இன்று பழுப்பாகிப் போயிருக்கின்றன; அருங்காட்சியகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வைத்தும் அதை முழுதாகத் தடுக்க முடியவில்லை. நம் தஞ்சாவூர் ஓவியத்தின் அடிப்பூச்சில் இருக்கும் சுண்ணாம்புப் பொடி இதற்கு நேர் எதிர். அது காரத்தன்மை உடையது, அமிலத்தை அடக்கும். முன்னோர் அதை வேதியியலாகத் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, அந்தப் பலன் கிடைத்தது. அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு பூச்சு சுண்ணாம்புப் பொடி சேர்த்தால் இன்றைய வேலைக்கும் அது உதவும்.

பசை விஷயத்தில் ஒரு பக்கமாகத் தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஃபெவிகால் வகை வெள்ளைப்பசை உறுதியாகப் பிடிக்கும், பூச்சி தொடாது. ஆனால் காய்ந்தபின் பிரிக்க முடியாது. அடியில் இருக்கும் தாள் பிற்காலத்தில் முக்கியம் என்று தெரிந்தால் மீட்க வழியில்லை. மைதாப் பசையும் மரச்சீனி மாவில் காய்ச்சிய பசையும் ஈரம் காட்டினால் இளகிவிடும். ஆவணக் காப்பகங்களில் மாவுச்சத்துப் பசையை விரும்புவது அதனால்தான். அதே பசை வெள்ளிப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. அதைத் தடுக்க பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் கலப்பார்கள்; பூச்சி வராது, ஆனால் செம்பு உப்பு தாளின் நாரை நாளடைவில் கெடுக்கும். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதே கைவினைஞருக்கு அழகு. என்னைக் கேட்டால், நகலை ஒட்ட வெள்ளைப்பசை, அசலான எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமானால் மாவுப்பசை என்பேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வளையும் என்பதால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவது பைண்டர்களின் வழக்கம். மழைக்காலத்தில் சுருண்டு நிற்கும் அட்டைகளில் பாதி இந்தச் சிறு வேலையை விட்டதால் வந்தவை.

காகிதக் கைவினை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அக்ரிலிக் பூச்சு, பஞ்சட்டை, ஜிகினா, பாலியஸ்டர் லேஸ், உலோகத் துண்டு எல்லாம் ஒட்டிய அட்டையை எந்தக் காகித ஆலையாலும் கூழாக்க முடியாது. அது அப்போதே குப்பையின் கணக்கில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு முழுவதற்குமான பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1-இல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிளாஸ்டிக் பையைத் தடுத்துப் பார்த்த மாவட்டம் இது. இங்குள்ள கைவினைஞர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை. திருத்த முடியாத குறை ஒன்று இருக்கிறது. அசலான பழைய தாளைக் கிழித்து ஒட்டுவது.

அசல் தாளுக்கு இந்தக் கைவினையில் மவுசு அதிகம். அதன் நாரும் மணமும் மையின் நிறமும் அச்சில் வராது. இணையக் கடைகளில் இந்தியப் பழைய முத்திரைத்தாள்கள் கைவினைக்கென்றே கட்டுக்கட்டாக உலகம் முழுக்க விற்பனையாகின்றன. குமரி மாவட்டத்தில் அந்தத் தாளுக்கு ஊற்று நம் வீட்டுப் பரண்தான். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தன. அதனால் இங்குள்ள பழைய காகிதம் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களின் காகிதத்தைப் போன்றதில்லை. சங்கு முத்திரை, ரூபாய்க்கு 28 சக்கரம் என்ற கணக்கு, ஆங்கில ஆண்டு இல்லாமல் கொல்லம் ஆண்டு, தமிழும் மலையாளமும் கலந்த வாசகம். 1888 முதல் சங்கு பொறித்த அஞ்சல் தலைகளை வெளியிட்டு, 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்துபோன திருவிதாங்கூர் 'அஞ்சல்' சேவையின் உறைகள். 1820-களில் நாகர்கோவிலில் இயங்கத் தொடங்கிய லண்டன் மிஷன் அச்சகத்திலிருந்து வந்த துண்டுநூல்கள். இவை வீடு இடிக்கும்போதோ பரண் ஒதுக்கும்போதோ மொத்தமாகப் பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகின்றன. அங்கிருந்து சில கட்டுகள் கைவினை மேசைக்கு வருகின்றன.

இளைய தலைமுறையில் பலருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. தெரியாத எழுத்து வெறும் கோலமாகத் தெரிகிறது. கோலமாகத் தெரிவதால் கிழிக்கக் கை கூசுவதில்லை. ஆனால் அந்த வரிகளில் இருப்பது என்ன? விளை என்னும் தோட்டத்தின் நான்கு எல்கைகள், நின்ற பனைகளின் எண்ணிக்கை, ஒற்றித் தொகை, குத்தகைப் பாட்டமாக அளந்த நெல், சாட்சி போட்டவரின் பெருவிரல் ரேகை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த, சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்வழி உரிமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதிக் கண்டித்தார். கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் வேளாளர் சட்டம் வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்துகள் பிரிந்தன. ஒரு சமூகமே தன் குடும்ப அமைப்பை மாற்றிக்கொண்ட கதை அந்தக் காலத்துப் பாகப்பத்திரங்களில் வீடுவீடாகப் பதிவாகியிருக்கிறது. கைவினைஞர் அதிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு சாண் துண்டில், ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் என்ன பெற்றார்கள் என்ற செய்தி இருந்திருக்கக்கூடும்.

அதே கவிமணிதான் அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைத் தேடிப் பார்த்துப் படியெடுத்தவர். முதலியார் ஓலைகள் என்று இன்று அறியப்படும் அவற்றை ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். நாஞ்சில் நாட்டில் மனிதரை விற்றதும் வாங்கியதும் அந்த ஓலைகளில் இருக்கிறது. தங்கள் பெயரில் ஒரு வரலாறு எழுதப்படாத அந்த அடிமைகள் வாழ்ந்ததற்கு மிஞ்சிய சாட்சி ஓலையில் கீறிய சில வரிகள் மட்டுமே. கவிமணியின் கண்ணில் அவை படாமல், அழகான பழுப்பு நிறத்துக்காகத் துண்டாக்கிச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருந்தால் நமக்கு அந்த மனிதர்களைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

இங்கே லேஸையும் சொல்ல வேண்டும். விண்டேஜ் வேலையில் லேஸ் இல்லாத அட்டை அபூர்வம். ஒட்டப்படுவது பெரும்பாலும் மீட்டர் கணக்கில் வாங்கும் இயந்திர லேஸ். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821-இல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த ஊரில் இருந்தார்கள். ஓலையில் விற்கப்பட்டவர்களும் நூலில் மீண்டவர்களும் ஒரே மண்ணின் மக்கள். அந்த நூல்வேலைக்கு உலகத்துக்கே ஏற்றுமதியான பெயர் உண்டு. நாகர்கோவிலில் செய்யும் அட்டையில் நாகர்கோவில் கைப்பின்னலின் ஒரு சாண் துண்டு இருந்தால், ஈபிள் கோபுரம் பத்து சேர்ந்தாலும் கொடுக்க முடியாத பொருள் அதற்கு வந்துவிடும். விலை கூடும் என்பது உண்மைதான். அடுக்குகளுக்குள் புதைக்காமல் மேலே தனியாக நிறுத்தி, அது எங்கே பின்னப்பட்டது என்று பின்பக்கம் இரண்டு வரி எழுதினால் அந்த விலைக்கு வாங்குகிறவர்கள் வருவார்கள் என்று நம்புகிறேன்.

அசலைக் கிழிப்பவர்கள் சொல்லும் நியாயத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆக்கர் கடைக்குப் போனால் கூழாகப் போகிற தாள்தானே, எங்கள் கையில் வந்தால் ஒரு துண்டாவது சுவரில் வாழும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். வீட்டுக்காரர்களே மதிக்காத காகிதத்தை மதித்தது கைவினைஞர்தான். பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் இருக்குமே என்ற வாதமும் உண்டு. பதிவான பத்திரத்துக்கு இருக்கும். கடிதத்துக்கும் ஜாதகத்துக்கும் கல்யாணக் கடிதாசிக்கும் கரம் தீர்த்த ரசீதுக்கும் பற்றுவரவு நோட்டுக்கும் எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. கூழாவதா, துண்டாவதா என்ற இரண்டு வழிக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. போனில் படம் எடுத்து, கெட்டித்தாளில் அச்சடித்து, அந்த நகலைக் கிழிக்கலாம், நனைக்கலாம், எரிக்கலாம், எத்தனை அட்டைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அசலின் நார் நகலில் வராது. அந்தக் குறையை அடுக்குகளால் நிரப்புவதற்குத்தானே இந்தக் கலையே இருக்கிறது.

அசலைக் காத்த கலைஞர் ஒருவரும் நம்மிடையே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். நிறத்துக்கும் எழுத்து வடிவத்துக்கும் மயங்கக்கூடிய கண் அவருடையது. அவர் புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் போன்ற உதிரிக் காகிதங்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகும் எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. கலைஞனின் கண்ணும் காப்பவனின் கையும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு நமக்கு அவரே போதும்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. எந்தப் பழைய தாளுக்கு அந்த மதிப்பு உண்டு என்று வாசிக்காமல் யாரால் சொல்ல முடியும்? கட்டுக்கட்டாக விற்கிறவர்கள் வாசித்துவிட்டு விற்பதாகத் தெரியவில்லை.

ஆகவே என் முடிவு இது. கைத்தொழிலாக, கண்ணுக்கான பயிற்சியாக, வீட்டிலிருந்து நாலு காசு பார்க்கும் வழியாக இந்தக் கலை வளர வேண்டும். ஆனால் குமரி மாவட்டத்தில் அது இன்னும் குமரி மாவட்டத்தின் கலையாகவில்லை. பொருளுக்குப் பஞ்சமில்லை. வலைத்துணிக்குப் பதில் தென்னம் பன்னாடை, அட்டை மேட்டுக்குக் கமுகம் பாளை, சுருக்கத்துக்கு வாழைச்சருகு, கட்டுவதற்கு வாழைநார், ஓரத்துக்குத் தாழை ஓலைப் பின்னலின் மிச்சம், எழுதாத பனை ஓலையின் நறுக்கு. இவற்றில் செய்த அட்டை கூழாகும், மக்கும்; வேறு ஊரில் வேறொருவர் செய்ததாகத் தோன்றாது. சங்கு முத்திரையும் சக்கரக் கணக்கும் உள்ள தாளின் நகலை ஒட்டினால், வாங்குகிறவர் பேத்தியிடம் காட்டிச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கும்.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கையெழுத்துத் தாள் கையில் கிடைத்தால் கத்தரிக்கு முன் அதை மலையாளமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யார் வீட்டுத் தாள் என்று தெரிந்தால் அவர்களிடமே சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டாமென்றால் ஒரு கல்லூரி நூலகத்துக்கோ வரலாற்றுத் துறைக்கோ கொடுங்கள். வெட்டி ஒட்டுவதற்கு நகல் போதும்.